ஃபேப்-ஐ, எல்பிஎக்ஸ்-சி, பிஎஸ்டி, சிஎஃப்ஏ: ப்ராஜெக்ட்டுக்கு இதுல எந்த என்சைமை எடுக்கறது?

டிசம்பர் வந்தாலே இந்தக் கேள்வி வந்துடும். "அக்கா, கைடு பாக்டீரியா மெம்ப்ரேன் லிப்பிட், அதான் சவ்வுக் கொழுப்பு, செய்யற என்சைம்ல ஏதாவது ஒண்ண நீயே பாத்துட்டு வான்னு சொல்லிட்டாங்க, உக்காந்து படிச்சா இருபது முப்பது வருது, எல்லாமே முக்கியம்னுதான் எல்லா பேப்பர்லயும் போட்டிருக்கு, நான் எதை எடுக்க?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் அனுப்பி தொண்டை போனதுதான் மிச்சம். அதனால ஒரே இடத்துல எழுதி வச்சுடறேன்.

முதல்ல எது எங்க இருக்குன்னு ஒரு சுத்து பாத்துடுவோம், லேப்ல எல்லாரும் வளக்கற ஈ.கோலை பாக்டீரியாவையே வச்சுக்கலாம். செல்லுக்குள்ள தண்ணிப் பகுதியில கொழுப்பு அமில சங்கிலி ரெண்டு ரெண்டு கார்பனா நீளுது, அங்கதான் ஃபேப் குடும்பம் வேலை பாக்குது. நீண்ட சங்கிலியை கிளிசரால் பாஸ்பேட்ல மாட்டினா பாஸ்பாடிடிக் ஆசிட். அதுக்கப்புறம் தலைப்பகுதி மாட்டற வேலை, அங்க வழி ரெண்டா பிரியும், ஒரு பக்கம் பிஎஸ் (பாஸ்பாடிடில்செரின்) வந்து பிஇ (பாஸ்பாடிடில்எத்தனாலமின்) ஆகுது, இன்னொரு பக்கம் பிஜி (பாஸ்பாடிடில்கிளிசரால்) வந்து கார்டியோலிப்பின் ஆகுது. கடைசியில ஈ.கோலைல பிஇ முக்கால் பங்கு, பிஜி ஒரு 20 சதவீதம், மிச்சம் கார்டியோலிப்பின். ஈ.கோலை கிராம் நெகட்டிவ், அதாவது வெளியில இன்னொரு சவ்வும் உள்ள ஜாதிங்கறதால அந்த வெளிச்சவ்வுக்கு லிப்பிட்-ஏன்னு தனி லைன் ஒண்ணு ஓடுது. எல்லாம் கட்டி முடிஞ்ச பிறகும் சவ்வுலயே போய் ரிப்பேர் பாக்கற என்சைமும் உண்டு. இந்த நாலு இடத்துக்கும் ஒவ்வொண்ணு எடுத்திருக்கேன்.

எதை வச்சு முடிவு பண்றது

பசங்க பெரும்பாலும் "இது நல்ல டார்கெட்டா"ன்னுதான் ஆரம்பிக்கறாங்க. நான் கேக்கறது வேற: ரியாக்‌ஷன் நடந்துச்சுன்னு உன் கையில இருக்கற மெஷினை வச்சு எப்படி பாப்ப? இதுக்கு பதில் இல்லேன்னா மத்த எதையும் பேசி பிரயோஜனம் இல்ல. லேப்ல யூவி ஸ்பெக்ட்ரோ (ஒளி எவ்ளோ உறிஞ்சுதுன்னு அளக்கறது) மட்டும்தான் இருக்கா, ஜிசி (கேஸ் க்ரோமட்டோகிராஃப்) இருக்கா, இருந்தா வேலை செய்யுதா, அந்த ரூம் சாவி யார்கிட்ட இருக்கு, இதெல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் கேள்வி.

அடுத்தது சப்ஸ்ட்ரேட், அதாவது என்சைம் மாத்தற பொருள். விலைக்கு கிடைக்குமா, நாமளே செய்யணுமா. மூணாவது, புரோட்டீன் கரையற ஜாதியா, சவ்வுல ஒட்டிக்கிட்டு டிடர்ஜென்ட் கேக்கற ஜாதியா. நாலாவது, ஜீனை எடுத்தா செல் செத்துடுமா பொழைக்குமா. சாகறது மருந்து ஆளுங்களுக்கு சந்தோஷம், ஆனா ஆறு மாச ப்ராஜெக்ட் பண்றவங்களுக்கு தலைவலி, ஏன்னா நாக்-அவுட் வச்சு ஒரு எக்ஸ்பெரிமென்ட்டும் நேரா பண்ண முடியாது. அஞ்சாவது, ஏற்கனவே எத்தனை பேர் உழுத நிலம்.

அவசரத்துல இருக்கறவங்களுக்கு:

| | ஃபேப்-ஐ / இன்ஹெச்ஏ | எல்பிஎக்ஸ்-சி | பிஎஸ்டி | சிஎஃப்ஏ சிந்தேஸ் |
|---|---|---|---|---|
| எங்க வேலை | சங்கிலி நீளும்போது | லிப்பிட்-ஏ தொடக்கம் | பிஎஸ்ஸை பிஇ ஆக்க | கட்டின சவ்வுல |
| எதை வச்சு பாக்கறது | ஸ்பெக்ட்ரோ, 340 நானோமீட்டர் | மாஸ் ஸ்பெக் அல்லது ஃப்ளோரசன்ஸ் | டிஎல்சி (தின் லேயர் க்ரோமட்டோகிராஃபி) | ஜிசி |
| சப்ஸ்ட்ரேட் | சின்னது கிடைக்கும், நீளமானது கஷ்டம் | பெரும்பாலும் நீங்களே செய்யணும் | கிடைக்கும், விலை | செல்லே போதும் |
| கரையுமா | நல்லா | கரையும் | டிடர்ஜென்ட் வேணும் | பரவால்ல |
| ஈ.கோலைல ஜீனை எடுத்தா | சாவு | சாவு | சாவு | பொழைக்கும் |
| கூட்டம் | திருவிழா | நிறைய | கம்மி | கம்மி |

ஃபேப்-ஐ, அதோட காசநோய் அண்ணன் இன்ஹெச்ஏ

சங்கிலி நீள்ற ஒவ்வொரு சுத்துலயும் கடைசி படி இது, இரட்டைப் பிணைப்பை என்ஏடிஹெச்ங்கற துணை மூலக்கூறை வச்சு ஒடுக்கும். இதுல இருக்கற பெரிய சுகமே அந்த என்ஏடிஹெச்தான். 340ல அது ஒளியை உறிஞ்சும், செலவானா ரீடிங் இறங்கும், அவ்ளோதான் அஸ்ஸே, அதான் என்சைம் வேலையை அளக்கற சோதனை. 1 சென்டிமீட்டர் க்யூவெட்ல நிமிஷத்துக்கு 0.0622 இறங்குச்சுன்னா 10 மைக்ரோமோலார் செலவாயிருக்குன்னு மனக்கணக்காவே போடலாம், என்ஏடிஹெச்சோட மோலார் உறிஞ்சல் 6220ங்கற எண்ணை ஞாபகம் வச்சுக்கிட்டா போதும். இதே கணக்கை 96 குழி ப்ளேட்டுக்கு அப்படியே போடறவங்கதான் தப்பு பண்றாங்க. 200 மைக்ரோலிட்டர் ஊத்தினா ஒளி கடக்கற தூரம் ஒரு சென்டிமீட்டர் கிடையாது, பாதியும் கொஞ்சமும்தான்.

புரோட்டீன் சின்னது, 28 கிலோடால்டன் பக்கம், நாலு நாலா சேர்ந்து நிக்கும், பிடிச்சு எடுக்க வசதியா ஹிஸ்-டேக் போட்டு நிக்கல் காலம்ல ஏத்தினா ஒரே நாள்ல சுத்தமா வந்துடும். இதை எடுத்து ப்யூரிஃபிகேஷன்லயே மாட்டிக்கிட்டவங்களை நான் அதிகம் பாத்ததில்ல.

கதையும் நல்லா இருக்கும். சோப்புலயும் டூத்பேஸ்ட்லயும் போட்ட டிரைக்ளோசான் சும்மா சவ்வை கிழிக்குதுன்னுதான் ரொம்ப நாள் நெனச்சுட்டு இருந்தாங்க, 1998லதான் அது ஃபேப்-ஐயை குறிபார்த்து பிடிக்குதுன்னு தெரிஞ்சுது, அதுவும் ரெசிஸ்டன்ட் ஆன ஈ.கோலைல இந்த ஜீன்லயே மியூட்டேஷன் இருந்ததை வச்சு. 2016ல அமெரிக்க எஃப்டிஏ கை கழுவற சோப்புல டிரைக்ளோசான் கூடாதுன்னு சொல்லிடுச்சு. காசநோய் பக்கம் பாத்தா இன்னும் நெருக்கம். 1952ல இருந்து குடுக்கற ஐசோநியாசிட் மாத்திரை கடைசியா போய் பிடிக்கறது காசநோய் கிருமியில இதே வேலை பாக்கற இன்ஹெச்ஏவைத்தான். அந்த மாத்திரை சேர்ந்த சிகிச்சையை வீட்லயே வச்சு குடுத்தா போதும், சானட்டோரியத்துல படுக்க வைக்க வேணாம்னு 1950கள் கடைசியில உலகத்துக்கே காட்டினது நம்ம மெட்ராஸ்ல நடந்த ஆய்வு.

இப்ப மறைஞ்சிருக்கற செலவு. ஒண்ணு, ஐசோநியாசிட் வாங்கி சுத்தமான இன்ஹெச்ஏ மேல நேரா போட்டுட்டு "வேலையே செய்யல, மருந்து போலியா"ன்னு கேட்டவங்க உண்டு. போலி இல்லப்பா, அது ப்ரோட்ரக். கேட்-ஜின்னு இன்னொரு என்சைம் அதை உடைச்சு என்ஏடியோட ஒட்டின பிறகுதான் அது இன்ஹெச்ஏவுக்குள்ள போய் உக்காரும். ஆஸ்பத்திரியில பாக்கற ஐசோநியாசிட் ரெசிஸ்டன்ஸ்லயும் பெரும்பங்கு கேட்-ஜில வர மாற்றத்தாலதான். ரெண்டு, டிரைக்ளோசான் மெதுவா உள்ள போய் இறுக்கிப் பிடிக்கற ரகம், முன்கூட்டியே என்சைமோட வச்சிருந்தா ஒரு ஐசி50 (என்சைம் வேலையை பாதியாக்கற மருந்து அளவு), உடனே பாத்தா வேற ஐசி50. போதாக்குறைக்கு குழியில 100 நானோமோலார் என்சைம் போட்டுட்டு 50க்கு கீழ ஐசி50 எதிர்பாக்கவே முடியாது, அது மருந்தோட குறை இல்ல, கணக்கோட தரை. மூணு, கடையில சுலபமா கிடைக்கற க்ரோட்டோனில் கோஏ ரொம்ப சின்ன சங்கிலி, என்சைமுக்கு அது அவ்வளவா புடிக்காது, நிறைய ஊத்தணும். இன்ஹெச்ஏவுக்கு நீள சங்கிலி இல்லாம ஆகாது.

நாலாவதுதான் பெருசு. ஃபேப்-ஐ எல்லா பாக்டீரியாவுலயும் இல்ல. அதே வேலைக்கு நிமோகாக்கஸ்ல ஃபேப்-கே, காலராவுல ஃபேப்-வி, சூடோமோனாஸ்ல ஃபேப்-ஐயும் ஃபேப்-வியும் ரெண்டும். 2009ல குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ்ல காட்டினாங்க, ரத்தத்துல இருக்கற கொழுப்பு அமிலத்தையே எடுத்து சவ்வு கட்டிக்குது, இந்த லைனையே அடைச்சாலும் கவலைப்படலன்னு. மலேரியாவுலயும் இதே பாடம். 2001ல பெங்களூர்ல சுரோலியா தம்பதி டிரைக்ளோசான் மலேரியா கிருமியை அதோட ஃபேப்-ஐ வழியா தடுக்குதுன்னு போட்டப்ப எவ்ளோ பரபரப்பு. 2008ல ஜீனையே எடுத்துப் பாத்தா ரத்தத்துல வளர்ற கட்டத்துக்கு அந்த என்சைமே தேவையில்ல, ஈரல் கட்டத்துக்குத்தான் வேணும்னு ஆயிடுச்சு. ட்யூப்ல கச்சிதமா தடுக்குதுங்கறது ஒண்ணு, கிருமிக்கு அந்த இடத்துல அது வேணுமாங்கறது வேற. தீசிஸ் வைவால கண்டிப்பா கேப்பாங்க.

யாருக்கு சரி: ஆறு மாசம்தான் இருக்கு, ஸ்பெக்ட்ரோ மட்டும்தான் இருக்கு, கைனடிக்ஸ் ஒழுங்கா கத்துக்கணும்னா கண்ணை மூடிட்டு இதை எடுங்க. புதுசா ஏதாவது சொல்லணும்னா எடுக்காதீங்க, கம்ப்யூட்டர்ல டாக்கிங் பண்ணி "இந்த மூலிகை காம்பவுண்ட் இன்ஹெச்ஏவுல நல்லா உக்காருது"ன்னு வர பேப்பர் மலை மாதிரி கிடக்கு, இன்னொரு கல்லு அதுல வைக்கறதால யாருக்கும் ஒண்ணும் இல்ல. இன்னொரு சௌகரியம், இன்ஹெச்ஏ புரோட்டீனை ஈ.கோலைல செஞ்சுக்கலாம்ங்கறதால காசநோய் கிருமியை தொடவே வேணாம், பிஎஸ்எல்-3ங்கற உயர்பாதுகாப்பு லேப் தேவைப்படாது.

எல்பிஎக்ஸ்-சி

ஆர்வமா வரவங்க எல்லாம் இதைத்தான் கேக்கறாங்க, ஏன்னா பேரு பெருசு. லிப்பிட்-ஏ செய்யற ஒன்பது படியில இது ரெண்டாவது. முதல் படி எல்பிஎக்ஸ்-ஏ முன்னும் பின்னும் ஓடற ரியாக்‌ஷன், சொல்லப்போனா பின்னாடிதான் அதிகம் சாயும், அதனால இனி திரும்ப முடியாதுங்கற படி எல்பிஎக்ஸ்-சிதான். ட்யூக் யூனிவர்சிட்டில கிறிஸ்டியன் ரேட்ஸ் இந்த வழி முழுசையும் தோண்டி எடுத்தாரு, அவர் பேரையே வழிக்கு வச்சுட்டாங்க.

மனுஷன்ல இது மாதிரி என்சைம் இல்ல, கிராம் நெகட்டிவ்ல கிட்டத்தட்ட எல்லாத்துலயும் இருக்கு, கேக்கவே நல்லா இருக்குல்ல. ஆனா 1996ல மெர்க் ஆளுங்க இதைத் தடுத்து கிருமியை கொல்லலாம்னு காட்டினதுல இருந்து இன்னைக்கு வரைக்கும் ஒரு மருந்து கூட மார்க்கெட்டுக்கு வரல. ஏசிஹெச்என்-975ன்னு ஒண்ணு மனுஷங்க மேல சோதனை வரைக்கும் போய் நின்னு போச்சு. காரணத்துல ஒண்ணு, என்சைம் நடுவுல துத்தநாகம் இருக்கு, அதைப் பிடிக்கணும்னு ஹைட்ராக்ஸமேட் போடறாங்க, அந்த ஹைட்ராக்ஸமேட் உடம்புல வேற உலோக என்சைமையும் விடாது.

லேப்ல உங்களுக்கு வர தொல்லை வேற. சப்ஸ்ட்ரேட் பேரைச் சொல்லவே மூச்சு முட்டும், யூடிபி சர்க்கரையில 14 கார்பன் ஹைட்ராக்ஸி சங்கிலி மாட்டினது. அதை வாங்கறதுன்னா கஸ்டம் ஆர்டர், செய்யறதுன்னா எல்பிஎக்ஸ்-ஏவையும், சங்கிலியைத் தூக்கிட்டு வர ஏசிபிங்கற புரோட்டீனையும் தனியா ப்யூரிஃபை பண்ணணும். ஒரு என்சைம் படிக்கப் போய் மூணு புரோட்டீன் ஆயிடும். துத்தநாகம் இல்லேன்னா வேலை செய்யாது, அதிகமானாலும் செய்யாது, பழக்க தோஷத்துல பஃபர்ல உலோகத்தைப் பிடிச்சு இழுத்துடற இடிடிஏ போட்டுட்டீங்கன்னா அன்னைக்கு நாள் போச்சு. ஒரு அசிட்டைல் கழன்டா வர அமீனை, அமீனோட சேர்ந்தா ஒளிர்ற ஃப்ளோரசகமின் வச்சு பாக்கலாம், சரி, ஆனா ட்ரிஸ் பஃபர்லயும் அமீன் இருக்குங்கறதை மறந்துட்டு எல்லா குழியும் பளபளன்னு மின்னுதுன்னு சந்தோஷப்பட்ட ஆளு நான்தான்.

செல்லுக்குள்ள கதை வேற மாதிரி சுவாரஸ்யம். எல்பிஎக்ஸ்-சி கம்மியானாலும் சாவு, அதிகமானாலும் சாவு, அதனால எஃப்டிஎஸ்ஹெச்ன்னு ஒரு புரோட்டியேஸ் அதை அளவு பாத்து வெட்டிக்கிட்டே இருக்கும். இந்த ரெகுலேஷன்ல இன்னும் வேலை இருக்கு. ஏசினெட்டோபாக்டர் பௌமனிலயோ லிப்பிட்-ஏ லைனையே மூடிட்டு உயிரோட இருக்கற ஸ்ட்ரெய்ன் 2010ல வந்துடுச்சு, கொலிஸ்டின்ங்கற ஆன்டிபயாடிக் பிடிக்கவே லிப்பிட்-ஏ வேணும், அது இல்லேன்னா கொலிஸ்டினும் பலிக்காது.

அஞ்சு வருஷம் கையில இருக்கு, பக்கத்துல மாஸ் ஸ்பெக் இருக்கு, கெமிஸ்ட்ரி தெரிஞ்ச ஒரு கூட்டாளி இருக்காருன்னா இது சரி. எம்எஸ்சி டிஸர்ட்டேஷனுக்கு வேணாம், நான் சொல்லிட்டேன்.

பிஎஸ்டி, அதாவது பாஸ்பாடிடில்செரின் டிகார்பாக்ஸிலேஸ்

என்னோட பிரியம் இதுமேலதான், ஒத்துக்கறேன். 1960கள்ல ஹார்வர்ட்ல யூஜின் கென்னடி கூட்டம் இந்த வழியை கண்டுபிடிச்சது. பிஎஸ்ல இருந்து ஒரு கார்பன் டை ஆக்ஸைடை கழட்டி பிஇ ஆக்கும். ஈ.கோலையோட முக்கால் சவ்வு இந்த ஒரு என்சைம் வழியாத்தான் வரணும்.

விசேஷம் என்னன்னா இது பொறக்கும்போது 322 அமினோ அமிலம் உள்ள ஒரே சங்கிலி, அப்புறம் தன்னைத்தானே 253ம் 254ம் நடுவுல வெட்டிக்கும், வெட்டின இடத்துல இருந்த செரின் பைருவாயில்னு மாறி அதுவே வேலை செய்யற கருவி ஆயிடும். அதனால ஜெல் ஓட்டினா 29 கிலோடால்டன் பக்கம் ஒரு பேண்டும் 7 பக்கம் இன்னொண்ணும் வரும். புரோட்டீன் உடைஞ்சு போச்சுன்னு அழுதுக்கிட்டே போன் பண்ணாதீங்க, உடைஞ்சாத்தான் அது என்சைம். 7 கிலோடால்டன் துண்டு சாதாரண ஜெல்ல ஓடி வெளியவே போயிடும், அடர்த்தியான ஜெல் போடுங்க. டேக் முன்னாடி போட்டா பெரிய துண்டு மாட்டும், பின்னாடி போட்டா சின்ன துண்டு மாட்டும், இன்னொரு பாதி கூடவே ஒட்டிக்கிட்டு வருதான்னு பாத்துக்கணும்.

அஸ்ஸே டிஎல்சி. க்ளோரோஃபார்ம், மெத்தனால், அசிட்டிக் ஆசிட் 65:25:10, சிலிக்கா ப்ளேட், காய வச்சு நின்ஹைட்ரின் தெளிச்சு சூடு காட்டினா பிஇ மேல ரோஸ் கலந்த ஊதால வரும், பிஎஸ் அதுக்கு கீழ. சாதாரண ஈ.கோலைல பிஎஸ் புள்ளி தெரியவே தெரியாது, வந்த வேகத்துல பிஇ ஆயிடும். 1970கள்ல ஹாராட்டும் கென்னடியும் எடுத்த சூடு தாங்காத மியூட்டன்ட்டை 42 டிகிரிக்கு மாத்தி மணிக்கு ஒருக்கா சாம்பிள் எடுத்து ஒரே ப்ளேட்ல ஓட்டினா கீழ புள்ளி ஒவ்வொரு லேனா தடிச்சுக்கிட்டே வரும். இவ்ளோ மலிவான செட்டப்ல ஒரு என்சைம் நின்னு போறதை வெறும் கண்ணால பாக்கறது எனக்கு வேற எதுலயும் கிடைச்சதில்ல.

செலவு எங்க ஒளிஞ்சிருக்குன்னா, இது சவ்வு புரோட்டீன், ட்ரைட்டான்ங்கற டிடர்ஜென்ட் போட்டுத்தான் கரைக்கணும், அந்த ட்ரைட்டான் டிஎல்சில ஒரு பெரிய இழுப்பு விட்டுட்டு போகும். டிஎல்சிய வச்சு நல்ல கைனடிக்ஸ் நம்பர் எடுக்கறதும் கஷ்டம். அப்புறம் க்ளோரோஃபார்ம். என்னோட முதல் எக்ஸ்ட்ராக்‌ஷனை அவசரத்துல கண்ணாடி மாதிரி தெளிவா இருந்த பாலிஸ்டைரீன் ட்யூப்ல ஊத்தினேன், பாத்துக்கிட்டு இருக்கும்போதே ட்யூப் பால் மாதிரி வெளுத்து, அடி குழைஞ்சு, மூணு வாரக் கல்ச்சர் டேபிள்ல ஓடிச்சு. கண்ணாடி ட்யூப், டெஃப்லான் வச்ச மூடி, வேற பேச்சே கிடையாது. அந்த மூடி விலையை பட்ஜெட்ல யாரும் எழுத மாட்டாங்க.

ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் மேல வேலை செய்யற லேப்னா இதை நெனச்சே பாக்காதீங்க, அதுக்கு பிஇயே கிடையாது. அங்க போனா பிஜில லைசின் மாட்டற எம்பிஆர்எஃப் பாருங்க, டாப்டோமைசின்ங்கற ஆன்டிபயாடிக்குக்கு வர ரெசிஸ்டன்ஸோட சம்பந்தம் இருக்கறதால டாக்டர்களும் காது குடுப்பாங்க.

சிஎஃப்ஏ சிந்தேஸ்

யாரும் கேக்காதது, ஆனா நிறைய பேருக்கு நான் சொல்றது இதுதான். கட்டி முடிஞ்ச சவ்வுல இருக்கற சங்கிலியோட இரட்டைப் பிணைப்புல எஸ்-அடினோசில்மெத்தியோனின்ல இருந்து ஒரு கார்பனை எடுத்து செருகி முக்கோண வளையம் போடும், சிஎஃப்ஏன்னா அந்த வளையம் உள்ள (சைக்ளோப்ரோப்பேன்) கொழுப்பு அமிலம்தான். செல் வளர்ச்சி ஓயற நேரத்துலதான் இது சூடு பிடிக்கும்.

நாக்-அவுட் பொழைச்சுக்கும், ஈ.கோலை ஜீன்களை ஒவ்வொண்ணா எடுத்து 2006ல ஜப்பான்ல செஞ்ச கெய்யோ கலெக்‌ஷன்லயே ரெடியா இருக்கு. சாதாரண எல்பி மீடியாவுல வித்தியாசமே தெரியாது. ஆனா நடுநிலைல வளர்ந்ததை திடீர்னு பிஹெச் 3க்கு மாத்தினா வளையம் இல்லாதது மொத்தமா விழும், 1999ல க்ரோனன் லேப் காட்டினது. அப்ப உங்ககிட்ட ஒரு ஜீன், ஒரு ஜிசி பீக், ஒரு உயிர் பொழைக்கற கணக்கு மூணும் ஒரே கதையில வந்துடுது, சப்ஸ்ட்ரேட்டும் வாங்க வேணாம், செல்லே சப்ஸ்ட்ரேட். 16:1 (16 கார்பன், ஒரு இரட்டைப் பிணைப்பு) பீக் குறைய குறைய 17 கார்பன் வளையப் பீக் ஏறும், 18:1 குறைய 19 ஏறும்.

ஒரே ஒரு பொறி. ஃபேம் (ஜிசில ஏத்தறதுக்கான கொழுப்பு அமில மெத்தில் எஸ்டர்) செய்யறதுக்கு பழக்கமா அமிலம் கலந்த மெத்தனால் போட்டு கொதிக்க வைப்பாங்க, இந்த வளையத்துக்கு அமிலமும் சூடும் ஆகாது, உடைஞ்சு வேற வேற பீக்கா சிதறும், நீங்க "என்சைம் வேலை செய்யல"ன்னு எழுதிடுவீங்க. சோடியம் மெத்தாக்ஸைடு மாதிரி காரத்துல பண்ணுங்க. சுத்தமான என்சைம் எடுத்து கைனடிக்ஸ் பண்ணணும்னாலும் கொஞ்சம் கஷ்டம்தான், சவ்வு கொழுப்பு வெசிக்கிளா குடுக்கணும், எஸ்-அடினோசில்மெத்தியோனின் ரூம் சூட்ல நிக்காது.

மருந்து டார்கெட்னு பெருசா பேச முடியாது, ஈ.கோலை இது இல்லாமலே வாழ்ந்துடுது. ஆனா காசநோய் கிருமில இதே குடும்பம் மைக்கோலிக் அமிலத்துல வளையம் போடுது, அங்க இது நோயோட போக்கையே மாத்துது, ஆர்வம் இருக்கறவங்க பிஎச்டிக்கு அந்தப் பக்கம் நீட்டிக்கலாம்.

அப்ப யாரு எதை எடுக்கறது

ஸ்பெக்ட்ரோ மட்டும், ஆறு மாசம்: ஃபேப்-ஐ. டிஎல்சி தொட்டி, சூடு மாத்தற இன்குபேட்டர், பொறுமை இருந்தா பிஎஸ்டி. ஜிசி இருந்தா சிஎஃப்ஏ. காசும் கூட்டாளியும் வருஷமும் இருந்தா எல்பிஎக்ஸ்-சி. கார்டியோலிப்பின் சிந்தேஸ் எடுக்கலாமான்னு சிலர் கேக்கறாங்க, ஈ.கோலைல அதுக்கு மூணு ஜீன் இருக்கு, மூணையும் எடுத்தாலும் செல் பொழைக்குது, ஒண்ணை மட்டும் எடுத்துட்டு ரிசல்ட் எதிர்பாத்தா ஏமாந்துடுவீங்க. சங்கிலியை கிளிசரால் பாஸ்பேட்ல மாட்டற பிஎல்எஸ்-ஒய் எடுக்கறேன்னு ஒரு தம்பி நின்னான், அதோட சப்ஸ்ட்ரேட் அசைல் பாஸ்பேட், நிலைச்சு நிக்காத சாமான், முழுக்க சவ்வுக்குள்ள முங்கின புரோட்டீன் வேற, எப்படியோ பேசி கலைச்சு விட்டேன்.

போன வாரம் ஒரு தங்கச்சி எழுதியிருந்தா, எல்பிஎக்ஸ்-சிதான் பண்ணுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா, லேப்ல இருக்கறது ஒரு பழைய ஸ்பெக்ட்ரோ, மே மாசம் சப்மிஷன். கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட்ல ஜிசி ஒண்ணு இருக்காம், ரெண்டு வருஷமா பூட்டியே கிடக்காம். முதல்ல அந்த ரூம் சாவி யார்கிட்ட இருக்குன்னு கேட்டுட்டு வா, சிலிண்டர்ல கேஸ் இருக்கான்னும் பாத்துட்டு வா, அப்புறம் என்சைம் பேசலாம்னு சொன்னேன். ப்ளூ டிக் விழுந்துடுச்சு, பதில் இன்னும் வரல.